செபமாலை தவறாகப் பார்த்த டி.வி.

என் கணவர் செபமாலை டி.வி.யைத் தவறாகப் பார்த்து வந்தார் என்பது, அவரை அடக்கம் செய்து முப்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. தெரியப்படுத்தியது டி.வி. கம்பெனி. அவரிடம் இருந்த குறைகள் எனக்குப் புதிதல்ல. குறட்டை விடுவார். குழம்பில் உப்புக் குறைந்தால் வாய் திறந்து சொல்லாமல் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் பார்ப்பதில் அவர் தவறு செய்தார் என்று உயிரோடு இருந்தவரை ஒருவரும் சொன்னதில்லை. அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்குமாகக் கீரனூர் வழியே ஓட்டி ஓட்டியே ஓய்வு பெற்றார். எங்கள் ஊரான ஆவூரில் ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும்போது அவர் மாத்தூரைத் தாண்டியிருப்பார். ஊர்த் தேருக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். அதையும் அவரே ஓட்டுவார். தேர் பார்க்க வந்தவர்களை இறக்கிவிட்டு, தேரைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார். ஓய்வு பெற்ற பிறகு தினமும் கோயிலுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தார். பக்கவாதம் முந்திக்கொண்டது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கட்டில் முன்னறைக்கு வந்தது.

தோஹாவில் இருக்கும் எங்கள் மகன் பெலிக்ஸ், அப்பா படுத்தே கிடக்கிறாரே, இருப்பதிலேயே நல்ல டி.வி.யாக வாங்கிக் கொடு என்றான். அதற்காகப் புதுக்கோட்டைக்குப் போனேன். கீரனூர் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு பொருளை வாங்கும்முன் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடும் பழக்கம் உண்டு. கம்பெனிக் கிளையின் மேலாளர் ஆத்மநாதன் என்னைச் சிவப்பு மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பழரசமும் கொடுத்தார்.

நாள் முழுக்க ஓடும், தாங்குமா என்று கேட்டேன். ஓடத்தானே டி.வி. என்றார். என் கணவர் ஒரே சானலைத்தான் பார்ப்பார், அதிலும் படம் அசையாது, நற்கருணை ஆராதனை என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“சாமி பாக்குறதுக்குன்னா இதை விட்டா வேற டி.வி.யே கெடையாதும்மா. மெழுகுவர்த்திச் சுடர் தனியாத் தெரியும். ஒங்க பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் இப்படியே ஓடும்.”

ஆராதனையை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பீடத்தின்மேல் பொன்னிறக் கதிர்ப்பாத்திரம் ஒன்று இருக்கும். நடுவில் வட்டமாகக் கண்ணாடி, அதற்குள் வெள்ளை அப்பம், வட்டத்தைச் சுற்றிச் சூரியனுக்குப் போலக் கதிர்கள். எங்கோ ஒரு கோயிலில் ஒரு கேமரா அதை இரவும் பகலும் காட்டிக்கொண்டே இருக்கும். பாட்டுக் கிடையாது, பேச்சுக் கிடையாது. பார்க்கிறவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவர் பார்த்தார். கண் விழித்ததிலிருந்து பார்த்தார். அரைத் தூக்கத்திலும் பார்த்தார். நடுவில் நான் செய்தியை வைத்தால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். மாற்றிவிட்டால் நிறுத்துவார். ஓட்டுநராக இருந்தபோது விட்டுப்போன பூசைகளையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பீடத்தில் பூ மாற்ற ஒரு கன்னியாஸ்திரி வருவார். அவர் குறுக்கே போகும்போது, எதிர்வண்டிக்கு வழிவிடுவதைப்போல இவர் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார். அப்படி மூடிய ஒரு மத்தியானம் திறக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்த உறவினர்கள் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் உட்கார்ந்தார்கள். தேர்தல் சமயம். யாரோ செய்தியைப் போட்டார்கள். செய்தி வாசிக்கும் பெண்ணின் தலையைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டமும் அதிலிருந்து கதிர்களும் தெரிந்தன. என் நாத்தனார் ரஞ்சிதா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்துக் கட்சித் தலைவர்கள் வந்தார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் தலைக்குப் பின்னால் கதிர்வட்டம் கிடைத்தது. முந்தைய வாரம் கூட்டணி மாறியவருக்கும் கிடைத்தது. கூர்ந்து பார்த்தால் அது ஒளி அல்ல, ஒளி குறைந்துபோன இடம் என்பது புரியும். தலைவர்களுக்கு அதுவே பொருத்தமாக இருந்தது.

பெலிக்ஸ் போனில் விளக்கினான். இந்த வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து வெளிச்சம் தருகிறதாம். ஒரே இடத்தில் ஓயாமல் எரிகிற புள்ளிகளுக்குச் சீக்கிரம் வயதாகிவிடுமாம். காட்டிய உருவம் மங்கலாகத் திரையிலேயே தங்கிவிடும், பர்ன்-இன் என்பார்களாம். வாரண்டி இருக்கிறது, கம்பெனிக்குச் சொல், திரைப் பேனலை மாற்றிக் கொடுப்பார்கள் என்றான். தோஹாவில் உட்கார்ந்துகொண்டு அப்படி நம்புவது சுலபம்.

கம்பெனியின் போனில் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று கேட்டபடியெல்லாம் அழுத்திய பிறகு ஒரு பெண் பேசினாள். டி.வி. யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாள். செபமாலை என்றேன். அவரையே பேசச் சொன்னாள். இறந்துவிட்டார் என்றேன். “வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம் மேடம். அவருடைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்பியிருக்கோம். அவர் சொன்னாத்தான் புகாரைப் பதிய முடியும்” என்றாள். அவருடைய போன் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்து அவர் சார்பில் நானே சொன்னேன். அவர் ஒத்துழைப்புக்கு அவள் நன்றி சொன்னாள்.

சர்வீஸ் ஆள் வந்தான். சேரன் என்று பெயர். கீரனூர்ப் பையன், மரியாதையானவன். ஒரு பென் டிரைவைச் செருகித் திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் நிறங்களைக் காட்டினான். சாம்பல் நிறம் வந்தபோது கதிர்ப்பாத்திரம் முழுசாக வந்து நின்றது. அடியில் இருந்த பூச்சாடிகூடத் தெரிந்தது. அவன் எங்களைப்போல வேதக்காரன் இல்லை. இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையாலேயே போட்டோ எடுத்துக்கொண்டான். பிறகு போனில் எதையோ தட்டி, எனக்கு வாசித்துக் காட்டினான்: பழுதுக்குக் காரணம், தவறான பயன்பாடு. தவறாகப் பயன்படுத்தியவர், செபமாலை.

“என்ன தம்பி தவறு?”

“ஒரே காட்சிய வச்சுப் பாத்திருக்காரும்மா. காட்சி மாறிக்கிட்டே இருக்கணும்.”

“சாமி எப்படித் தம்பி மாறும்?”

கம்பெனியில் அதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பேனலைப் பற்றி நான் பெரிதாக நினைக்கவில்லை. தலைவர்கள் எப்படித் தெரிந்தால் எனக்கென்ன? ஆனால் அந்த இரண்டு வார்த்தைகள் என்னை உறங்கவிடவில்லை. பஸ்ஸில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை அவர். ஓய்வு பெற்ற நாளில் டிப்போவில் அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்கள். அப்படிப்பட்ட மனிதர் படுக்கையில் அசையாமல் கிடந்து, சாமியைப் பார்த்ததற்காக, எங்கோ சென்னையில் ஒரு கம்ப்யூட்டரில் தவறு செய்தவராக இருக்கிறார். அந்த வார்த்தையை அவர் பெயரிலிருந்து எடுக்கவைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிளைக்குப் போனேன். அது ஒரே கூடம். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் சர்வீஸ். இரண்டுக்கும் மேலாளர் ஆத்மநாதனே. அவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு பக்கம் விற்பனை என்றும் மறுபக்கம் சர்வீஸ் என்றும் எழுதியிருந்தது. தடுப்பைத் தாண்டும்போதெல்லாம் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். அட்டை திரும்பும்போது முகமும் கூடவே திரும்பும். பின்பக்கம் மெத்தை இல்லாத சாம்பல் நிற நாற்காலிகள். பழரசமும் இல்லை.

“நீங்கதானே சாமி பாக்குறதுக்கு இதுதான் டி.வி.ன்னு சொன்னீங்க?”

“அது சேல்ஸ் சொன்னதும்மா. நான் சர்வீஸ்.”

“சொன்னது நீங்கதான்.”

“நான்தான். இல்லேங்கல. ஆனா அப்ப நான் அங்கிட்டு இருந்தேன்.”

தடுப்புக்கு அப்பால் காலியாக இருந்த சிவப்பு நாற்காலியைக் கைகாட்டினார். அங்கே உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அவருக்கே அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லாதது போலத் தெரிந்தது. பிறகு குரலைத் தணித்து எனக்குப் பாடம் எடுத்தார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. கம்பெனி டி.வி. செய்றது பாக்குறதுக்கு. வெறிக்கிறதுக்கு இல்ல. நல்ல கஸ்டமர் எப்படிப் பாப்பாரு? ரிமோட்ட அமுக்கிக்கிட்டே இருப்பாரு. எதுலயும் நிக்க மாட்டாரு. அவருக்கு எதுவுமே பிடிக்காது. அப்படிப்பட்ட ஆளுக்காகத்தான் எங்க இன்ஜினியருங்க ராப்பகலாப் பாடுபடுறாங்க. ஒங்க வீட்டுக்காரர் மாதிரி பிடிச்சதையே பாக்குற ஆள் ஒருத்தர் வருவாருன்னு அவங்க எதிர்பாக்கல.”

பேனல் வேண்டாம், அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்தில் இரண்டே இரண்டு வாய்ப்புகள்தான் இருந்தன. ஒன்று தவறான பயன்பாடு, மற்றது இயற்கைச் சீற்றம். டி.வி. தானாகக் கெட்டது என்று ஒன்று இல்லையா என்று கேட்டேன். அப்படி நடப்பதில்லை என்பதால் வைக்கவில்லை என்றார். கஜா மாதிரி ஒரு புயல் அடித்திருந்தால் எளிதாக முடித்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார். தவறாகப் பயன்படுத்தியவர் என்ற கட்டத்தையாவது காலியாக விடலாமே என்றேன். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாதாம்.

“வேணும்னா ஒங்க பேரப் போட்டுக்கிறவா?” என்று கேட்டார். எனக்குச் சம்மதம்தான். தட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ரிமோட் என் கையில் இருந்ததற்கு அதனிடம் அத்தாட்சி இல்லை.

கடைசியில் ஒரு வழி சொன்னார். புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்பெனி ‘திரை நல விழிப்புணர்வு விழா’ நடத்துகிறது. சென்னையிலிருந்து மண்டல அதிகாரி வருகிறார். அங்கே கேமரா முன்னால் நாலு வார்த்தை பேசினால், அதிகாரி மனது வைத்தால், எதுவும் நடக்கலாம்.

விழாவுக்குப் போனேன். மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள். மேடையில் குத்துவிளக்கு இருந்தது. செம்மல் என்ற அந்த அதிகாரி அதன் பின்புறம் இருந்த பொத்தானை அமுக்க, திரிகள் இருந்த இடத்தில் பல்புகள் எரிந்தன. எல்லோரும் கைதட்டினோம். அதிகாரி மைக்கைப் பிடித்தார். அவர் பேச்சை முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

“எங்கள் டி.வி.யின் கருப்பு, உலகத்திலேயே மிகக் கருப்பான கருப்பு. எப்படி வந்தது? கருப்பு வேண்டிய இடத்தில் எங்கள் டி.வி. அணைந்துகொள்கிறது. ஆக, அணைந்திருக்கும் டி.வி.தான் மிகச் சிறந்த டி.வி. என்பதை எத்தனையோ ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு கண்டுபிடித்திருக்கிறோம். இது பல ஆண்டு உழைக்குமா என்று கேட்கிறீர்கள். டி.வி. மட்டும் உழைத்தால் போதுமா? பார்க்கிறவர் உழைக்க வேண்டாமா? வாரண்டி என்பது நம்பிக்கை, நண்பர்களே. நீங்கள் எங்களை நம்புவதற்காகக் கொடுப்பது. நாங்கள் உங்களை நம்புவதாக அதில் எந்த இடத்திலும் எழுதவில்லை.”

அடுத்துச் சிறந்த பார்வையாளர் விருது. அறந்தாங்கியைச் சேர்ந்த அமராவதி என்ற பெண்ணை மேடைக்கு அழைத்தார்கள். அவளுடைய கணவன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் ஆர்டர் போட்டு அனுப்பிய டி.வி. வீட்டுக்கு வந்ததிலிருந்து அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியின்மேல் தூசி படாமல் அவள் ஒரு பூவேலைத் துணி தைத்துப் போர்த்தியிருக்கிறாள். சீரியல் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். மைக்கை அவளிடம் கொடுத்தார்கள்.

“அவரு லீவுல வந்து மாட்டுறேன்னு சொன்னாரு. லீவு கெடைக்கல. வரட்டும்னு வச்சிருக்கேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதிகாரி மைக்கை வாங்கிக்கொண்டார். “கேட்டீர்களா? இவருடைய டி.வி.யில் ஒரு புள்ளிக்குக்கூட வயதாகவில்லை. இதுதான் நாங்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எதிர்பார்க்கும் பண்பு” என்றார். பரிசாக இன்னொரு டி.வி.யைக் கொடுத்தார்கள். அதையும் பிரிக்காமல் வைத்திருக்கும்படி வாழ்த்தினார்கள். இரண்டு பெட்டிகளோடு எப்படிக் குடியிருக்கப் போகிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மணமகள் அறையில் நீலத் துணி கட்டி, முக்காலியில் கேமரா வைத்திருந்தார்கள். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார் ஆத்மநாதன். ஆடக்கூடாது, அசையக்கூடாது, கையை ஆட்டிப் பேசக்கூடாது, மூக்குக் கண்ணாடியைத் தொடக்கூடாது. என் கணவர் டி.வி.யைத் தவறாகப் பயன்படுத்தினார், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லவேண்டும். சொன்னால் பேனல் இலவசம்.

வார்த்தையை எடுக்கச் சொல்லி வந்தவளை, அந்த வார்த்தையை வாயால் சொல்லச் சொன்னார்கள். நான் கேமராவைப் பார்த்தேன்.

“எங்க வீட்டுக்காரரு ஒண்ணையே பாத்தாரு. அவரால திரும்ப முடியாது. திரும்ப முடிஞ்சிருந்தாலும் அதைத்தான் பாத்திருப்பாரு. அதைத் தவறுன்னு சொல்றவங்கதான் தவறாச் சொல்றாங்க.”

இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவையும் அதையே சொன்னேன். வெயில் ஏறும்வரை எடுத்தார்கள், நான் மாற்றவில்லை. கடைசியில் கேமராக்காரர், ஆத்மநாதனின் காதில் ஏதோ சொல்ல, அவர் முகம் மலர்ந்து, போதும்மா, பிரமாதம், ஹெட் ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். நான் சொன்னது சென்னைக்குப் போய்ச் சேரும், யாராவது கேட்பார்கள் என்று நம்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பக்கத்து வீட்டு அன்புச்செல்வி பள்ளிக்கூட ஆசிரியை. சில வாரம் கழித்து மிக்ஸி வாங்கப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டு வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அக்கா, ஒங்கள அந்தக் கடையில எல்லா டி.வி.லயும் போட்டிருக்காங்க. சொவரு பூரா நீங்கதான். ஆனா சொல்றதுக்கே சங்கடமா இருக்கு.”

நான் போய்ப் பார்த்தேன். கூடத்தின் சுவர் முழுக்க டி.வி.க்கள். எல்லாவற்றிலும் நான். ‘எங்க வீட்டுக்காரரு ஒண்ணையே பாத்தாரு’ என்கிறேன். அதோடு படம் உறைந்து நின்றுவிடுகிறது. வாய் பாதி திறந்தபடி, மூக்குக் கண்ணாடியோடு என் முகம். அதன் கீழே வெள்ளையாகப் பெரிய எழுத்துகள்: ஆவூர் செபமாலை செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். நின்றது நின்றபடியே நிற்கிறது. டீ குடித்துவிட்டு வரலாம். பிறகு மறுபடி நான் பேசுகிறேன், மறுபடி உறைகிறது.

முன்பு அந்தப் பெயர் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. இப்போது ரோட்டில் போகிறவரெல்லாம் வாசிக்கும்படி சுவரில் இருந்தது. என் பின்னால் டி.வி. வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் நின்றது. அதில் ஒரு பெரியவர், “யாருய்யா அந்தச் செபமாலை, அப்படி என்னத்தைப் பாத்துத் தொலைச்சான்?” என்று கேட்டார். அவன் பொண்டாட்டியே சொல்கிறாள் பார், ஏதோ அசிங்கமாகத்தான் இருக்கும் என்றார் அவருடைய மருமகன்.

அதை எடுத்துவிடும்படி ஆத்மநாதனிடம் கேட்டேன். அட்டையில் விற்பனைப் பக்கம் தெரிந்ததால் அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஹெட் ஆபீஸ் உத்தரவு, கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை, எல்லாச் செட்டிலும், முழு வெளிச்சத்தில், பொங்கல் விற்பனை தொடங்கும் மட்டும் இதுதான் ஓட வேண்டும் என்றார். விழிப்புணர்வு ஆயிற்றே.

அந்த வெள்ளை எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயுள் முழுக்கத் தபால் நிலையத்தில் இருந்தவள். சில தபால்களை யாரும் கொண்டுபோக வேண்டியதில்லை, தாமே போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

தை பிறந்து, ஊரில் அறுப்பு முடிகிற சமயம். எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஆத்மநாதன் இறங்கினார், கையில் ஆப்பிள் பை. பின்னால் சேரன். என் கணவரின் கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஒரு நாற்காலிதான் கிடந்தது. ஆத்மநாதன் அதில் உட்கார்ந்து ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டார். நடந்ததைச் சேரன்தான் சொன்னான். பொங்கல் விற்பனைக்குப் புதுப் படக் காட்சிகளைப் போட்டிருக்கிறார்கள். கதாநாயகி ஆடினாளாம். அவள் முகத்துக்குக் குறுக்கே ஒரு மூக்குக் கண்ணாடி. கிரிக்கெட் போட்டார்களாம். பச்சை மைதானம் முழுக்க நான். எல்லா டி.வி.யிலும் என் முகமும், கீழே செபமாலை பெயரும் பதிந்துவிட்டன. வாங்க வந்தவர்கள், இந்த அம்மா எல்லாச் சானலிலும் வருவார்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சுவர் முழுக்கப் பேனல் மாற்றவேண்டும் என்று ஆத்மநாதன் சென்னைக்கு எழுதியிருக்கிறார். சென்னை அவருக்கு ஒரு வரியில் பதில் போட்டிருக்கிறது: தவறான பயன்பாடு.

“இருபது வருசமா இந்தக் கம்பெனிதான் என் உசுருன்னு இருக்கேன்” என்றார் ஆத்மநாதன். “என்னைப் போயி இந்த வார்த்தை சொல்லலாமாம்மா? அவங்க போடச் சொன்னதத்தானே போட்டேன்?”

அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். வந்த காரியத்தைச் சொன்னார். அந்தப் படம் உறைந்து நிற்கவில்லை, நான் அசைந்துகொண்டுதான் இருந்தேன் என்று கேமரா முன்னால் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். படத்தில் இருப்பவரே சாட்சி சொன்னால் சென்னையால் மறுக்க முடியாதாம். சேரன் முக்காலியைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

“மொதல்ல நீங்க சொல்லுங்க” என்றேன். “எங்க வீட்டுக்காரரப் பத்தி.”

அவருக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“சேல்ஸாச் சொல்லணுமா, சர்வீஸாச் சொல்லணுமா?”

“இங்க இருக்கிறது ஒரே நாற்காலிதான்.”

சேரன் போனை முக்காலியில் பொருத்தினான். ஆத்மநாதன் தொண்டையைக் கனைத்து, திரு. செபமாலை அவர்கள் தவறாகப் பயன்படுத்தியதாக முழுமையாகக் கூறிவிட இயலாது என்றார். இன்னொரு தடவை என்றேன். ஒருவகையில் பார்த்தால் அவர்மேல் தவறில்லை என்றே கருதலாம் என்றார். இன்னொரு தடவை என்றேன். வாடிக்கையாளரின் உணர்வுகளைக் கம்பெனி மதிக்கிறது என்று ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். கடைசியில் அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆவூர் செபமாலை டி.வி.யத் தவறாப் பாக்கல. எப்படிப் பாப்பாருன்னு அந்தம்மா வாங்கும்போதே கேட்டாங்க. பாக்கலாம்னு நான்தான் சொன்னேன். அவரு சரியாத்தான் பாத்தாரு.”

அதை என் போனுக்கும் சென்னைக்கும் அங்கேயே அனுப்பச் சொன்னேன். சேரன் அனுப்பினான். பெலிக்ஸுக்கும் நாத்தனாருக்கும் அன்புச்செல்விக்கும் நான் அனுப்பினேன். பிறகு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஆரம்பிக்கலாம் என்று சேரன் தலையை ஆட்டினான்.

“என்னை ஆடாம அசையாம இருக்கச் சொன்னாங்க. நான் அப்படியே இருந்தேன். அதுக்கப்புறம் அவங்க என் படத்தை நிப்பாட்டி வச்சாங்க. நிப்பாட்டுனது நிப்பாட்டுனபடியே நாள் பூரா ஓடுனதை என் கண்ணால பாத்தேன்.”

ஆத்மநாதன் எழுந்துவிட்டார். “என்னம்மா இப்படிப் பண்றீங்க? அசைஞ்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்?”

“கொறஞ்சு போயிரும் சார். நீங்க எங்க வீட்டுக்காரரப் பத்தி இப்பத்தான் உண்மை சொல்லியிருக்கீங்க. அதுக்குப் பதிலா நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா, நீங்க சொன்னதையும் பொய்னு தள்ளிருவாங்க.”

அவர் ஆப்பிள் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் விற்பனைப் பிரிவின் செலவாக இருக்கும்.

சில நாளில் சேரன் போன் செய்தான். குரலில் சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியவில்லை.

“அம்மா, ஐயா பேர எடுத்துட்டாங்க. சென்னையிலேயே எடுத்துட்டாங்க. நான் கண்ணால பாத்தேன்.”

“அந்த எடம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் நகராதுன்னாங்களே?”

“காலியா இல்லம்மா. பாக்கலாம்னு சொன்னது நான்தான்னு எங்க மேனேஜர் அவரே வீடியோவுல சொல்லிட்டாருல்ல? அவரு பேரப் போட்டுட்டாங்க. ஒங்க டி.வி.க்கும் அவருதான், கடை டி.வி.க்கும் அவருதான்.”

பேனல் வரவில்லை. தவறு செய்தவர் வேறு ஆள் என்று ஆகிவிட்டதால், அவரிடமே கேட்டுக்கொள்ளும்படி கம்பெனி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தது. நான் கேட்கவில்லை. ஆத்மநாதன் மேல்முறையீடு செய்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அடுத்த விழாவில் அவரைக் கேமரா முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். அசையாமல் இருக்க வேண்டுமாம்.